பென்னி ஃபார்த்திங்: பெயர் பிந்தியது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் மிதிவண்டி வரலாற்றுக் கட்டுரையில், முன்சக்கரம் பெரிதாகவும் பின்சக்கரம் மிகச் சிறிதாகவும் இருந்த வண்டியை 1870-களில் இங்கிலாந்து மக்கள் 'பென்னி ஃபார்த்திங்' என்று அழைத்ததாகக் குறிப்பிட்டிருந்தீர்கள். வண்டி அந்தக் காலத்தது. பெயர் அந்தக் காலத்தது அன்று.

இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ஜேம்ஸ் ஸ்டார்லி போன்றோர் அதைச் செய்து விற்ற நாள்களில் அதற்குப் பெயர் பைசைக்கிள், அவ்வளவுதான். 1885-இல் ஜான் கெம்ப் ஸ்டார்லி, சங்கிலி பூட்டிப் பின்சக்கரத்தைச் சுழற்றும் தாழ்வான 'ரோவர்' வண்டியைக் கொண்டுவந்தார். அவ்வகை வண்டிகள் 'சேஃப்டி' என்று பெயர்பெற்றுப் பரவியபோது, பழையதைப் பிரித்துச் சொல்ல 'ஆர்டினரி' என்றார்கள். மசால் தோசை வந்த பிறகுதானே வெறும் தோசை சாதா தோசை ஆயிற்று! பென்னி, ஃபார்த்திங் என்ற பழைய ஆங்கில நாணயங்களின் பெயர் 1890-ஐ ஒட்டி, அந்த வண்டி மதிப்பிழந்துகொண்டிருந்த வேளையில், கேலியாக ஒட்டிக்கொண்டது.

கேலி என்பதற்கு நாணயங்களே சாட்சி. பழங்காசு சேர்க்கும் பழக்கமுள்ள நான், பிரிட்டானியா உருவம் பொறித்த பென்னி ஒன்றையும் சிறு குருவி பொறித்த ஃபார்த்திங் ஒன்றையும் மேசைமேல் அடுத்தடுத்து நிறுத்தி அளந்து பார்த்தேன். பென்னியின் குறுக்களவு ஏறக்குறைய 31 மில்லிமீட்டர், ஃபார்த்திங் 20. அதாவது ஒன்றரை மடங்கு. மதிப்பில் பென்னி நான்கு மடங்கு. வண்டியிலோ 52 அங்குல முன்சக்கரத்துக்குப் பின்னால் 17 அங்குலச் சக்கரம் ஓடியது என்றால் ஏறத்தாழ மூன்று மடங்கு; எந்தக் கணக்குக்கும் பொருந்தவில்லை. முன்சக்கரம் அவ்வளவு பெரிதானதற்குக் காரணம் உண்டு. மிதிகட்டை முன்சக்கரத்தின் அச்சிலேயே பொருத்தப்பட்டிருந்ததால், ஒரு மிதிக்குச் சக்கரம் ஒரே சுற்றுத்தான் சுற்றும்; 52 அங்குலச் சக்கரமென்றால் நான்கு மீட்டருக்குச் சற்று மேல். வேகம் வேண்டியவர் தம் கால் எட்டும் மட்டும் சக்கரத்தைப் பெரிதாக்கிக்கொண்டார்.

ஃபார்த்திங் என்பதற்கு நான்கில் ஒரு பங்கு என்று பொருள். நம் 'கால்' தான். பழந்தமிழில் சக்கரத்துக்கும் கால் என்ற பெயருண்டு. ஆகவே அந்தப் பின்சக்கரத்தைக் 'காற்கால்' என்று நாமும் கேலி செய்யலாம்.

கட்டுரை நூலாகும்போது அந்தப் படத்தின் கீழ் '1870-களின் பைசைக்கிள்' என்று குறித்து, பென்னி ஃபார்த்திங் என்பது பின்னாளில் வந்த பட்டப்பெயர் என ஒரு வரி சேர்க்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கும்பகோணம்.