கழற்றிய பாகம் எங்கே என்று கேளுங்கள்: பழைய ஸ்போர்ட்ஸ் கார் நடுவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பிரிட்டனின் பழைய ஸ்போர்ட்ஸ் கார் சங்கங்களில் மதிப்பீட்டு நடுவர்களாக இருக்கும் மதிப்பிற்குரியவர்களுக்கு,

வணக்கம். இந்த மடலின் ஆங்கில வடிவத்தை உங்களுக்குத் தனியே அனுப்பியிருக்கிறேன். இந்தக் கார்களின் மீது ஆசை வைத்திருக்கும் தமிழ் வாசகர்களும் இந்தப் பேச்சில் கலந்துகொள்ள வேண்டும் என்பதால் தமிழிலும் எழுதுகிறேன்.

ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தெற்கே ஆபிங்டனில் இருந்த தொழிற்சாலையிலிருந்து 1966இல் வெளிவந்த எம்ஜிபி ரோட்ஸ்டர் ஒன்று, அதாவது எம்ஜி நிறுவனத்தின் மடக்குக் கூரை ஸ்போர்ட்ஸ் கார், என்னிடம் இருக்கிறது. 1798 சிசி என்ஜின், இரண்டு எஸ்யூ கார்புரேட்டர்கள், இருக்கைகளுக்குப் பின்னால் தளத்துக்குக் கீழே ஒளிந்திருக்கும் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள், சாவியைத் திருப்பியதும் பின்பக்கத்திலிருந்து டிக்டிக் என்று அடிக்கத் தொடங்கும் பெட்ரோல் பம்ப் என அந்தக் காலத்து எம்ஜிபியின் லட்சணங்கள் எல்லாம் அதில் அப்படியே இருக்கின்றன. சென்ற கோடையில், கார்கள் எவ்வளவு அசலாக இருக்கின்றன என்று மதிப்பெண் போடும் ஒரு சங்கத்தின் போட்டிக்கு அதை ஓட்டிச் சென்றேன். நடுவர் கண்ணியமானவர், பொறுமையாகப் பார்த்தார். என்ஜினுக்குத் தீப்பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றச் சொன்னவர், உள்ளே பாயின்ட் என்னும் பழைய தொடுமுனைகளுக்குப் பதிலாக மின்னணு மாட்யூல் இருப்பதைக் கண்டதும் மதிப்பெண்ணைக் குறைத்தார். பெட்ரோல் குழாய்கள் புதிய வகை என்பதற்கு இன்னொரு கழிவு. ஓட்டுநர் பக்கக் கதவின் மேல் விளிம்பில் சிவப்புப் பெயின்ட் தேய்ந்து அடிப்பூச்சு தெரிகிறது என்பதற்கு எல்லாவற்றையும்விடப் பெரிய கழிவு.

அந்தத் தேய்மானம் எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். இந்தக் காரைப் புதிதாக வாங்கியவர் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அதை வைத்திருந்தார். கூரையை மடக்கிவிட்டு, வலது முழங்கையைக் கதவின் மேல் ஊன்றியபடியே ஓட்டுவது அவர் வழக்கம். காரோடு அவர் எனக்குக் கொடுத்த நோட்டுப் புத்தகத்தில் முன் சக்கரங்கள் திரும்பும் அச்சுகளான கிங்பின்களுக்கு 3,000 மைலுக்கு ஒரு முறை கிரீஸ் அடித்த தேதிகள் வரிசையாக இருக்கின்றன. ஒரு மனிதரின் கை பட்டுப் பட்டுத் தேய்ந்த, உள்ளங்கை அகலமுள்ள அந்த இடத்துக்கு நான் பெயின்ட் அடிக்கவில்லை. இனியும் அடிக்க மாட்டேன். உங்கள் மதிப்பெண் தாளில் அது ஒரு குறை. என் கண்ணுக்கு அந்தக் காரிலேயே மிக அசலான இடம் அதுதான்.

அன்று முதல் பரிசு பெற்ற எம்ஜிபியின் உரிமையாளர் என் நண்பர். அவர் உழைப்பில் எனக்குப் பெரும் மரியாதை உண்டு. பொறாமையால் எழுதுகிறேன் என்று அவரும் நினைக்க மாட்டார். ஆனால் அவருடைய காரின் உடற்கூடு புதியது. 1988 முதல் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் நிறுவனம் எம்ஜிபிக்கான முழு உடற்கூடுகளைப் புதிதாகச் செய்து தருகிறது என்பதும், துருப்பிடித்து உதிர்ந்த எத்தனையோ கார்கள் அதனால் சாலைக்குத் திரும்பின என்பதும் நீங்கள் அறிந்ததே. அந்த வசதி இல்லாவிட்டால் அவை பழைய இரும்புக் கடைக்குத்தான் போயிருக்கும். நான் கேட்பது வேறு. 1966இல் அழுத்தி உருவாக்கிய தகடு போய்விட்டது. அன்று அடித்த பெயின்ட் போய்விட்டது. தோல் இருக்கைகளும் மின்கம்பித் தொகுப்பும் கார்பெட்டும் புதியவை. அந்தக் கார் அசல் என்று முழு மதிப்பெண் பெறுகிறது. உடற்கூட்டின் பெரும்பகுதியும் இருக்கைத் தோலும் அன்றைய நிலையிலேயே இருக்கும் இன்னொரு கார், கைப்பிடி அளவுள்ள ஒரு மாட்யூலுக்காக அசலிலிருந்து விலகியது ஆகிறது. இந்தக் கணக்கில் எங்கோ பிழை இருக்கிறது.

பிழை, அசல் என்ற சொல்லை நாம் பயன்படுத்தும் விதத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். கெய்டனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகம் பழைய உற்பத்திப் பதிவேடுகளைப் பார்த்து ஒவ்வொரு காருக்கும் சான்றிதழ் தருகிறது. எந்த நாளில் கட்டப்பட்டது, என்ன நிறம், என்னென்ன கூடுதல் வசதிகள், எங்கே அனுப்பப்பட்டது என்பதெல்லாம் அதில் இருக்கும். அருமையான ஆவணம், என்னுடையதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன். ஆனால் அது அந்தக் காரின் ஒரே ஒரு நாளைப் பற்றியது. அதற்குப் பிறகு 20,000 நாளுக்கு மேல் அது வாழ்ந்திருக்கிறது. அந்த ஒரு நாளை மீண்டும் வரவழைப்பதற்கே பரிசு என்றால், மிச்ச நாட்களின் தடயங்களை ஒவ்வொன்றாக அழிப்பவர்தான் ஜெயிப்பார்.

அந்த ஒரு நாளையும் முழுமையாக வரவழைக்க முடியாது என்பதற்குப் பெட்ரோல் ஒன்றே போதும். இந்த என்ஜின் ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்யப்பட்டது. வால்வு இருக்கைகள், அதாவது என்ஜின் வால்வுகள் அமர்ந்து மூடும் விளிம்புகள், சீக்கிரம் தேயாமல் காத்தது அந்த ஈயம்தான். 1999ஆம் ஆண்டின் முடிவோடு பிரிட்டனில் அதன் பொது விற்பனை நின்றது. ஆகவே நம்மில் பலர் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி, கடினப்படுத்திய வால்வு இருக்கைகளைப் பொருத்தினோம். 2021 செப்டம்பரில் 10 விழுக்காடு வரை எத்தனால் கலந்த பெட்ரோல் வழக்கமான பெட்ரோலாக ஆனது. எத்தனால் பழைய ரப்பரைத் தின்னும். என் காரில் இருந்த பழைய குழாயை வளைத்துப் பார்த்தபோது அதன் மேற்பரப்பு முழுவதும் மயிரிழை வெடிப்புகள் ஓடியிருந்தன. விரலால் அழுத்தியதும் கருப்பு மை போல ஒட்டியது. சூடான எக்ஸாஸ்ட்டுக்கு மேலே அந்தக் குழாயை விட்டுவைப்பதா அசல்தன்மை? அதற்குத்தான் மதிப்பெண் கழிந்தது.

எங்கள் எம்ஜிபியின் வரலாற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றம் வெளியிலிருந்து வந்து தொற்றிய நோய் அல்ல. அதே ஆபிங்டன் வளாகத்தில் இயங்கிய ஸ்பெஷல் டியூனிங் பிரிவு, வேகத்தைக் கூட்டும் பாகங்களை வாடிக்கையாளர்களுக்கு முறையாக விற்றது. கென் காஸ்டெல்லோ என்பவர் ரோவரின் 3.5 லிட்டர் அலுமினிய வி8 என்ஜினை, அதாவது எட்டு சிலிண்டர் என்ஜினை, எம்ஜிபிக்குள் பொருத்தி விற்கத் தொடங்கிய பிறகுதான், 1973இல் தொழிற்சாலையே எம்ஜிபி ஜிடி வி8 காரை வெளியிட்டது. 1976இல் நிறுத்தப்படும்வரை 2,591 கார்களே செய்யப்பட்டன. இன்று காஸ்டெல்லோவின் கார்களைத் தேடி வாங்குகிறார்கள். அவற்றில் ஒன்றை இன்று யாராவது பிரித்து, பழைய நான்கு சிலிண்டர் என்ஜினைப் பொருத்தித் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுவந்தால் நாம் எல்லோரும் பதறிப்போவோம். அந்தப் பதற்றம் நியாயமானது. அப்படியானால் காலத்தின் கை பட்ட மாற்றமும் வரலாறுதான் என்று நம் மனம் ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டது. தாள் மட்டும் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

1929, 1930 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் பிரான்ஸின் லெ மான்ஸ் 24 மணி நேரக் கார் பந்தயத்தை வென்ற 'ஓல்ட் நம்பர் ஒன்' பென்ட்லி பற்றிய வழக்கை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்தக் காரின் என்ஜின், சட்டகம், உடற்கூடு எனப் பெரும்பாலானவை காலப்போக்கில் மாறியிருந்தன. அது உண்மையான கார்தானா என்று கேட்டு, வாங்க ஒப்புக்கொண்டவர் தரப்பு பின்வாங்கியது. 1990இல் லண்டன் உயர்நீதிமன்றத்தில் நீதிபதி ஓட்டன் அதன் தொடர்ச்சியைத்தான் பார்த்தார். ஒரே பெயரோடு, இடையில் அறுபடாமல், ஒரே காராக வாழ்ந்து வந்திருக்கிறது என்பதால் அதுவே ஓல்ட் நம்பர் ஒன் என்று தீர்ப்பளித்தார். ஒரு காரின் அடையாளத்தை இவ்வளவு பொறுமையாக ஆராய்ந்த தீர்ப்பு நம் கையில் இருக்கும்போது, புல்வெளியில் நிற்கும் நாம் திருகின் தலை எந்த வடிவம் என்பதோடு நின்றுவிடுகிறோம்.

இவ்வளவும் சொல்வதால், யாரும் எதையும் வெட்டி ஒட்டலாம் என்று வாதாடுகிறேன் என எண்ண வேண்டாம். வெட்டு என்னைக் கலங்கவைக்கிறது. 1974இன் பிற்பகுதியில், அமெரிக்க விதிகளுக்கு இணங்க எம்ஜிபிக்குக் கருப்பு ரப்பர் பம்பர் வந்தது; காரின் உயரமும் கூடியது. அழகு கெட்டது, வளைவில் சாய்ந்தது என்று அந்தக் கார்களைப் பலரும் இகழ்ந்தார்கள். ஆகவே பல பட்டறைகளில் முன்பக்கத்தையும் பின் மட்கார்டுகளின் கீழ் மூலைகளையும் வெட்டியெடுத்து, குரோம் பம்பர் வைத்து, பழைய மாடல் போல ஆக்கிவிட்டார்கள். அப்படி ஒரு காரை வெட்டுவதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். கிரைண்டரிலிருந்து தீப்பொறி பறந்து, துருவே இல்லாத, உறுதியான தகடு ஒன்று துண்டாகிச் சிமென்ட் தரையில் விழுந்தது. யாரும் அதை எடுத்து வைக்கவில்லை. உற்பத்தியின் கடைசி ஆறு ஆண்டுகளில், நெருக்கடியில் இருந்த ஒரு தொழிற்சாலை தன் காரைச் சட்டத்துக்குள் வைத்திருக்க எப்படிப் போராடியது என்பதைச் சொல்லும் சாட்சி அது. 1980இல் அந்தத் தொழிற்சாலையும் மூடப்பட்டது. நான் போகும் காட்சிகளில், தொடப்படாத ரப்பர் பம்பர் காரைக் காண்பது இப்போது அரிது.

போல்ட்டைக் கழற்றினால் திரும்பி வரக்கூடியதா, இரும்பை வெட்டிய பிறகு திரும்ப முடியாததா என்பதே கேள்வி. இது என் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபிவா, என் கார் பிறந்த அதே 1966இல் தொடங்கப்பட்டது. அதன் டூரின் சாசனம், தேவைப்படும் மாற்றங்கள் கண்ணை உறுத்தாமலும் மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவரக் கூடியவையாகவும் இருக்க வேண்டும் என்றும், கழற்றிய முக்கியமான பாகங்களை வாகனத்தோடு சேர்த்துப் பாதுகாக்க வேண்டும் என்றும் அறிவுறுத்துகிறது. பெட்ரோல் என்ஜினை எடுத்துவிட்டு மின்மோட்டார் வைப்பதைப் பற்றியும், அப்படி மாற்றிய காரைப் பழம்பெரும் வாகனமாகத் தன்னால் ஏற்க முடியாது என்று சொல்லும் அதே கூட்டமைப்பு, மாற்றுவதாயிருந்தால் கழற்றிய பாகங்களுக்கு அடையாளமிட்டுப் பத்திரப்படுத்துங்கள் என்கிறது. அந்தக் காரின் எதிர்காலத்துக்கு ஒரு கதவையாவது திறந்து வைக்கும் அணுகுமுறை அது. மின்மயமான எம்ஜிபியை உங்கள் அசல் பிரிவில் சேர்க்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. எம்ஜிபியின் குரலில் பாதி அதன் எக்ஸாஸ்ட்தான். அது போனபின் எனக்கு மனம் ஒட்டாது. ஆனால் அதைச் செய்தவர் பழைய என்ஜினை எண்ணெய் தடவி, மரப்பெட்டியில் அடைத்து வைத்திருக்கிறாரா, விற்றுவிட்டாரா என்பதை நீங்கள் கேட்க வேண்டும்.

பாதுகாப்பு பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். 2018 மே மாதம் முதல் பிரிட்டனில், 40 ஆண்டு கடந்த, பெரிய மாற்றங்கள் செய்யப்படாத கார்களுக்கு ஆண்டுச் சோதனை கட்டாயம் இல்லை. பொறுப்பு முழுவதும் உரிமையாளரின் மனசாட்சியிடம் வந்துவிட்டது. என் காரின் பிரேக் ஒற்றைச் சுற்று அமைப்பு கொண்டது: எந்த மூலையில் கசிந்தாலும் பெடல் தரைக்குப் போய்விடும், மிச்சம் இருப்பது கைப்பிரேக் மட்டுமே. என் மகளை உட்காரவைத்து ஓட்டும் காரில் இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர் பொருத்தலாமா என்று யோசிக்கிறேன். மதிப்பெண் குறையும் என்ற நினைப்பு அந்த யோசனைக்குள் ஒரு நொடியாவது நுழைந்ததற்காக வெட்கப்படுகிறேன். அப்படி ஒரு நினைப்பு எந்த உரிமையாளருக்கும் வராதபடி தாளைத் திருத்துவது உங்கள் கையில் இருக்கிறது.

திருத்தம் பெரிதல்ல. பழைய தகடு, பழைய தோல், பழைய பெயின்ட் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதற்கு இப்போது தாளில் ஒரு வரிகூட இல்லை. பளபளப்புக்கு ஒதுக்கியதில் பாதியை எடுத்து அதற்குக் கொடுங்கள். திரும்பப் பெறக்கூடிய மாற்றத்துக்கு, கழற்றிய பாகத்தையும் அதன் குறிப்பையும் உரிமையாளர் காட்டினால், மதிப்பெண் குறைக்க வேண்டாம். வெட்டிச் செய்த மாற்றத்தை மறைக்காமல் எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தக் காலத்திலேயே செய்தது என்றால் அதற்குரிய மரியாதையைக் கொடுங்கள்.

என் காரின் பின்பெட்டியில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருக்கிறது. லூக்காஸ் முத்திரை கொண்ட பாயின்ட் தட்டு, கண்டென்சர், இரண்டு சிறிய திருகுகள், எப்போது எதற்காகக் கழற்றினேன் என்று எழுதிய ஒரு சீட்டு ஆகியவை அதற்குள் உள்ளன. மாட்யூல்கூட, காரின் பாசிட்டிவ் எர்த்தை, அதாவது பேட்டரியின் நேர்முனையை உடற்கூட்டோடு இணைக்கும் பழைய முறையை, மாற்றக் கூடாது என்று அதற்கென்றே தேடி வாங்கியது. ஒரு ஸ்க்ரூடிரைவரும் அரைமணி நேரமும் இருந்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். அன்று நடுவரிடம் அந்த டப்பாவை நீட்டினேன். தாளில் அதற்கு இடமில்லை என்று வருத்தத்தோடுதான் சொன்னார். வரும் கோடையில் அதே புல்வெளிக்கு மறுபடியும் வருகிறேன். பானெட்டைத் தூக்கச் சொல்வதற்கு முன் அந்த டப்பாவைத் திறந்து பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பணிவுடன்,
1966 எம்ஜிபி ஒன்றின் இப்போதைய உரிமையாளர்