ஆடம்ஸும் அந்த மனுக்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் அமெரிக்காவின் தொடக்ககால அதிபர்கள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். வாஷிங்டனுக்கும் ஜெஃபர்சனுக்கும் பத்தி பத்தியாக இடம் தந்த கட்டுரையாளர், ஆறாவது அதிபர் ஜான் குவின்சி ஆடம்ஸை மட்டும் மறுதேர்தலில் தோற்றவர் என்று ஒரே வரியில் வழியனுப்பிவிட்டார்.

தோற்றது உண்மைதான். 1824 தேர்தலில் யாருக்கும் பெரும்பான்மை இல்லை. அதிபரைத் தேர்ந்தெடுக்க மாநிலங்கள் அனுப்பும் தேர்வாளர்களின் வாக்குகளில் ஆண்ட்ரூ ஜாக்சனுக்கு 99, இவருக்கு 84. பிரதிநிதிகள் சபை இவரைத்தான் தேர்ந்தெடுத்தது. தமக்குக் கைகொடுத்த ஹென்றி கிளேயை வெளியுறவு அமைச்சராக்கியதும் பேரம் என்ற பழி ஒட்டிக்கொண்டது. 1828இல் ஜாக்சன் கணக்கைத் தீர்த்தார். அந்த நான்கு ஆண்டுகளுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அதற்குப் பின் நடந்ததைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

பணிக்காலம் முழுக்க அரசு அலுவலகத்தில் மக்களின் மனுக்களை வாங்கிப் பதிவேட்டில் ஏற்றியவன் நான். ஆடம்ஸ் மேல் எனக்குள்ள பிரியத்துக்கு அதுவே காரணம். நாட்டின் அதிபராக இருந்தவர், 1831இல் மாசசூசெட்ஸின் சாதாரண உறுப்பினராகப் பிரதிநிதிகள் சபைக்குப் போனார். அடிமை முறையை ஒழிக்கச் சொல்லி வட மாநிலங்களிலிருந்து மனுக்கள் குவிந்த காலம் அது. ஓட்டுரிமை இல்லாத பெண்களும் அவற்றில் கையெழுத்திட்டார்கள். 1836இல் சபை ஒரு விதி போட்டது: அடிமை முறை பற்றிய மனு எதுவானாலும் அச்சிடாமல், விவாதிக்காமல் ஒதுக்கிவிட வேண்டும். மனு வாங்கும் இடத்தில் உட்கார்ந்தவனுக்குத் தெரியும், நிராகரிப்பதைவிட இது மோசம்.

1837 பிப்ரவரியில் அவர் செய்த வேலையைப் படித்தபோது வாய்விட்டுச் சிரித்தேன். 22 அடிமைகள் எழுதியதாகச் சொல்லி ஒரு மனு தம்மிடம் வந்திருக்கிறது, அது இந்த விதிக்குள் வருமா என்று சபாநாயகர் ஜேம்ஸ் போல்க்கிடம் பவ்யமாகக் கேட்டார். தென் மாநில உறுப்பினர்கள் கொதித்தெழுந்தார்கள். கண்டனத் தீர்மானம், வெளியேற்றம் என்று கூச்சல். ஆத்திரம் நன்றாக ஏறிய பிறகே, அந்த மனு கேட்பது அடிமை முறை ஒழிப்பை அல்ல, அதற்கு நேர் எதிரானதை என்று சொன்னார். அப்போது அவருக்கு வயது 69! கண்டனம் தோற்றது. ஆனால் அடிமைகளுக்கு மனுச் செய்யும் உரிமையே கிடையாது என்று தீர்மானம் போட்டுத்தான் சபை ஓய்ந்தது.

அவரும் விடவில்லை. 1844 டிசம்பர் 3 அன்று 108க்கு 80 என்ற வாக்கில் அந்த விதி நீக்கப்பட்டது. இடையில் 1841இல், அமிஸ்டாட் கப்பலில் கடத்தப்பட்ட ஆப்பிரிக்கர்களுக்காக உச்ச நீதிமன்றத்தில் வாதாடி, அவர்கள் விடுதலையாக உதவினார்.

குறையில்லாதவர் என்று சொல்லமாட்டேன். 1820இல் மிசௌரியை அடிமை முறையுள்ள மாநிலமாகச் சேர்ப்பதா என்ற சர்ச்சையின்போது அடிமை முறையை நாட்குறிப்பில் சாடினார். வெளியுறவு அமைச்சராக இருந்துகொண்டு வெளியில் வாய் திறக்கவில்லை. அப்போது ஸ்பெயின் வசமிருந்த ஃபுளோரிடாவில் ஜாக்சன் படையுடன் புகுந்ததை நியாயப்படுத்தியவரும் இவரே. இதையும் எழுதட்டும், அதையும் எழுதட்டும். இடம் போதவில்லையென்றால், 1814இல் வெள்ளை மாளிகை எரிந்த கதையில் இரண்டு பத்தியைக் குறைத்திருக்கலாமே?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மனுப் பிரிவு எழுத்தர்