கேரட், பாஷாணம், ஒரு சீரியல்: என் நன்றி மடல்

அன்புள்ள எல்லோருக்கும்,

ரத்தப் புற்றுநோயின் சுவடு இன்னும் இருக்கிறதா என்று பார்க்கும் பி.சி.ஆர். ரிப்போர்ட் நேற்று மாலை வந்துவிட்டது. நெகட்டிவ். "இனி ஸ்கூலுக்குப் போற வழியைப் பாருங்க டீச்சர்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும், பாதிப் பேர் கூடவே இருந்தீர்கள். அதனால் கதையை முதலிலிருந்து ஆரம்பிக்கப் போவதில்லை.

ஆனால் மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும், சொந்தக்காரர்கள் சிலர் இன்னமும் நம்பவில்லை. ரத்தப் புற்றுநோயில் எனக்கு வந்த ஏ.பி.எல். வகைக்குக் கொடுத்தது இரண்டே மருந்து. ஒன்று, வைட்டமின் ஏ-வுக்கு ஒன்றுவிட்ட சொந்தமான ஒரு மாத்திரை. இன்னொன்று ஆர்சனிக், அதாவது நம் ஊர்ப் பாஷாணம், டிரிப்ஸில் சொட்டுச் சொட்டாக. 1970-களில் சீனாவின் ஹார்பின் நகர மருத்துவர்கள் தொடங்கி வைத்தது இந்த ஆர்சனிக் வைத்தியம். நம் வேலூர் சி.எம்.சி.யில் ஆர்சனிக்கை மட்டுமே வைத்து இந்த நோயைக் குணப்படுத்தியதை 2006-இல் மருத்துவ இதழில் எழுதினார்கள். இதில் முடி கொட்டுவதில்லை. மொட்டைத் தலையை எதிர்பார்த்து வந்த பெரியம்மா, என் பின்னலைப் பார்த்ததும் "நிஜமாவே கேன்சர்தானா?" என்று அம்மாவைத் தனியே கூப்பிட்டுக் கேட்டார். என் ஹாஸ்டல் தோழி அதற்கும் ஒரு படி மேலே. "கேரட்டும் எலிப் பாஷாணமும் எங்க ஊர்ச் சந்தையிலேயே கிடைக்குமே, இதுக்காடி இவ்வளவு பில்லு?" என்றாள். சிரித்தால் ஈறில் ரத்தம் வரும் என்று நர்ஸ் அவளை வெளியே அனுப்பிவிட்டார். அவளோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று சைகையில் மீதியைச் சொன்னாள்.

ரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட் அணுக்களைக் கொடுத்தவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது? எடுத்த பிளேட்லெட் ஐந்து நாளுக்கு மேல் தாங்காது, சேர்த்து வைக்கவும் முடியாது. ஒவ்வொரு தடவையும் யாராவது புதிதாக வந்து மெஷினோடு ஒரு மணி நேரத்துக்கு மேல் கை நீட்டிக்கொண்டு உட்கார வேண்டும். சக ஆசிரியர்கள், அவர்கள் வீட்டுக்காரர்கள், தெருப் பையன்கள், முகமே தெரியாத சிலர் என்று எல்லோரும் வந்தீர்கள். என்னிடம் கணக்கில் ஃபெயிலான ஒருவன், "டீச்சர், இப்போ உங்க உடம்புல ஓடுறது ஃபெயில் ரத்தம், இனிமே கணக்கு தப்பா வரும் பாருங்க" என்று மெசேஜ் போட்டான். முந்தின ராத்திரி பரோட்டா சால்னா அடித்ததில் பிளாஸ்மா பால் மாதிரி வெளுத்துப்போய், பிளட் பேங்கில் திருப்பி அனுப்பப்பட்ட தம்பிக்கும் நன்றி. நீ மறுபடி இட்லி மட்டும் சாப்பிட்டுவிட்டு வந்ததை மறக்கவில்லை.

இத்தனை பேர் இருக்க, நான் அதிகமாக நினைத்துக்கொள்வது உங்கள் யாரையும் இல்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த வார்டின் ஹவுஸ்கீப்பிங் அக்காவைத்தான்.

காலை ஆறரைக்கு ஃபினாயில் வாளியோடு வருவார். மாஸ்க், தொப்பி, கையுறை எல்லாம் போட்டிருப்பதால் கண் மட்டும்தான் தெரியும். முதல் வாரத்தில் ஒரு நாள், தரையைத் துடைத்துக்கொண்டே, "டீச்சர், நேத்து சீரியல் பாத்தீங்களா?" என்று கேட்டார். அம்மா டி.வி. போட்டால் எழுந்து அடுத்த அறைக்குப் போகிற ஆள் நான். பார்ப்பதில்லை என்றேன். "அப்ப நான் சொல்றேன் கேளுங்க."

ஒரு மாமியார். சொத்துப் பத்திரத்தை ஊறுகாய் ஜாடிக்குள் ஒளித்து வைத்திருக்கிறாள். தேர்த் திருவிழாவில் கீழே விழுந்து நினைவு தப்பிப்போன சின்ன மருமகள். அந்த வீட்டையே சுற்றிச் சுற்றி வரும் ஒரு இன்ஸ்பெக்டர். சரியாக ஜாடி மூடியில் கை வைக்கும் இடத்தில் அக்கா மாப்பைத் தூக்கிக்கொள்வார். "மிச்சம் நாளைக்கு. இன்னும் நாலு ரூம் பாக்கி."

விடிந்தால் ரத்த அணுக்களின் கவுண்ட் எவ்வளவு என்று பயந்துகொண்டிருந்தவள், ஜாடி என்ன ஆயிற்று என்று காத்திருக்க ஆரம்பித்தேன். வாத்தியார் புத்தி, கதையில் ஓட்டை வேறு கண்டுபிடிப்பேன். "நினைவு போனவளுக்கு ஜாடி இருக்கிற இடம் மட்டும் எப்படிக்கா தெரியும்?" மாப் ஒரு நொடி நின்றது. "அதை இன்னிக்குக் காட்டுவாங்க டீச்சர்." மறுநாள் பதிலோடு வந்தார். காய்ச்சல் 103-ஐத் தொட்டு நான் கண்ணைத் திறக்க முடியாமல் கிடந்த காலையில், துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டு, அன்றைய பகுதியை மெதுவாகச் சொல்லி முடித்துவிட்டுத்தான் போனார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் அந்த சீரியலைப் போடச் சொன்னேன். அம்மாவுக்கு ஆச்சரியம். பார்த்தால், அண்ணன் தம்பி இரண்டு பேர் லாரி ஓட்டுகிறார்கள். மாமியார் இல்லை, ஜாடி இல்லை, இன்ஸ்பெக்டர் வாசனையே இல்லை. "காய்ச்சல்ல எதையோ கேட்டிருப்பே" என்றார் அம்மா.

அடுத்து டிரிப்ஸுக்குப் போனபோது காரிடாரில் அக்காவை மடக்கினேன். கொஞ்சமும் அசரவில்லை. "எனக்கு எங்க டீச்சர் டி.வி. பாக்க நேரம்? ரெண்டு டியூட்டி. காலையில பஸ்ல வர்றப்ப யோசிச்சிக்கிட்டே வருவேன்."

"எதுக்குக்கா?"

"செவுத்தையே பாத்துக்கிட்டுக் கெடந்தீங்க. பாவம்னு பேசினா அழுதுடுவீங்க. அதான் ஊரான் வீட்டுப் பிரச்சினையைக் கொண்டாந்தேன்."

எத்தனையோ பேர் எனக்காக வேண்டிக்கொண்டீர்கள், அது பலித்தது என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் கூட்ட பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, எனக்காக ஒரு மாமியாரை உருவாக்கிக்கொண்டு வந்தவருக்கு என் வீட்டு முகவரிகூடத் தெரியாது. அவர் இதைப் படிக்கப் போவதில்லை. அடுத்த செக்கப்பில் நானே படித்துக் காட்டுவேன். கதையைத் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று சண்டைக்கு வருவார் என்று நினைக்கிறேன்.

இரவில் நாற்காலியில் தூங்கிய தங்கைக்கும், என் பத்தாம் வகுப்பைச் சேர்த்து எடுத்த இயற்பியல் சாருக்கும், சீட்டுப் பணத்தைக் கேட்காமலே கொண்டுவந்து கொடுத்த பக்கத்து வீட்டு அண்ணிக்கும், அப்புறம் வரிசையாக ஹார்லிக்ஸ் பாட்டில் வாங்கி வந்த அத்தனை பேருக்கும் நன்றி. எங்கள் பரணில் இப்போது ஒரு மருந்துக்கடையே நடத்தலாம்.

ரத்தப் புற்றுநோய் வந்தவர்கள் பிறகு ரத்தம் கொடுக்கக் கூடாது. ஆக, வாங்கியதை என் கையால் திருப்பிக் கொடுக்க வழியில்லை. உங்கள் கையால் கொடுக்க வைப்பதாக முடிவு செய்திருக்கிறேன். 18 வயது முடிந்த பழைய மாணவர்கள், உடம்பு சரியாக இருப்பவர்கள், குரூப்பில் பெயரும் ரத்த வகையும் போடுங்கள். போடாதவர்கள் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை நானே வருவேன், ஆளுக்கு இரண்டு பாட்டில் ஹார்லிக்ஸோடு.

உங்கள்
கணக்கு டீச்சர்