குடும்பக் கூடுகை: வரும் ஞாயிறு மாலை 5.30

எல்லோருக்கும் ஸ்தோத்திரம்.

இந்த மாதக் கூடுகை ஆலயத்துக்குப் பின்னால் உள்ள ஹாலில். பகுதி: நீதிமொழிகள் 14:1, 24:3-4; சங்கீதம் 127, 128.

புத்தியுள்ள ஸ்திரீ தன் வீட்டைக் கட்டுகிறாள் என்ற 14:1ஐ அக்காமாருக்குச் சொல்லிவிட்டு எழுந்துவிடுவது நம் வழக்கம். ஆனால் 24:3, "வீடு ஞானத்தினாலே கட்டப்பட்டு, விவேகத்தினாலே நிலைநிறுத்தப்படும்" என்கிறது. அதில் ஸ்திரீ என்றும் இல்லை, புருஷன் என்றும் இல்லை. ஆகவே அண்ணன்மார் வாசலில் பைக் மேல் உட்கார்ந்து காத்திருக்காமல் உள்ளே வரவும்.

1. நான்கு பகுதிகளையும் வீட்டில் ஒருமுறை சத்தமாக வாசித்துவிட்டு வாருங்கள். சங்கீதம் 127, சாலொமோன் பேரில் உள்ள ஆரோகண சங்கீதம் (எருசலேமுக்கு ஏறிப்போகையில் பாடியதாகச் சொல்லப்படும் பாட்டு).

2. 128:3ல் பிள்ளைகள் பந்தியைச் சுற்றிலும் ஒலிவமரக் கன்றுகள். நம் வீட்டில் அந்தக் கன்றுகள் ஆளுக்கொரு மூலையில், கையில் போனோடு! சனிக்கிழமை இரவு எல்லோரும் போனை அலமாரியில் வைத்துவிட்டுச் சேர்ந்து சாப்பிட்டுப் பாருங்கள் (பெரியவர்களும்தான்). எப்படிப் போனது என்று ஞாயிறு பேசலாம்.

3. பைபிள் கொண்டுவரவும்.

4. எத்தனை பேர் என்று வெள்ளி இரவுக்குள் எண்ணாகப் போடவும். வெறும் கட்டைவிரலைப் பார்த்துச் சுண்டலுக்கு எவ்வளவு ஊறவைப்பது?