கருத்தரங்க அழைப்பு மடல்: நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பா,

நலம்தானே? வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல். உங்கள் துறைக்கு இரண்டு நாள் தேசியக் கருத்தரங்கம் நடத்த அனுமதி கிடைத்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. நீ அனுப்பிய அழைப்பு மடலின் வரைவை நிதானமாகப் படித்தேன். அச்சுக்குப் போகுமுன் என்ன மாற்றலாம் என்று கேட்டிருந்தாய். மனத்தில் பட்டதையெல்லாம் எழுதிவிடுகிறேன்.

முதலில் தலைப்பு. ‘மொழியும் இலக்கியமும்: அன்றும் இன்றும்’ என்று வைத்து, கீழே நாற்பதுக்கு மேல் உட்தலைப்புகள் கொடுத்திருக்கிறாய். தொல்காப்பியமும் இருக்கிறது, திரைப்பாடலும் இருக்கிறது. எல்லோருக்கும் இடம் கொடுக்க வேண்டும் என்ற உன் நல்ல மனம் புரிகிறது. ஆனால் இப்படி அழைத்தால், ஏற்கனவே எழுதிக் கையில் வைத்திருக்கும் கட்டுரையைத்தான் அனுப்புவார்கள். உன் கருத்தரங்குக்கென்று யாரும் புதிதாகத் தேடிப் படிக்கமாட்டார்கள். ஓர் அமர்வில் ஆறு பேர் இருந்தால் ஆறு பேரும் ஆறு காலத்தைப் பேசுவார்கள். ஒருவர் சொல்வதை மறுக்கவோ வளர்க்கவோ பக்கத்தில் இருப்பவரால் முடியாது. விவாதம் நடக்காத கருத்தரங்கத்துக்கு வெளியூரிலிருந்து ஆளை வரவழைப்பதில் என்ன பயன்?

உன் துறையில் இருவர் அச்சு வரலாற்றில் வேலை செய்கிறார்கள் என்று முன்பு எழுதியிருந்தாய். அதையே பிடித்துக்கொள். ‘பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் உரைநடை: அச்சகம், பள்ளி, இதழ்’ என்று சுருக்கு. சுருக்கினாலும் பொருள் வற்றாது. 1835இல் அச்சகச் சட்டம் தளர்ந்து இந்தியர்கள் தடையின்றி அச்சகம் நடத்த வழி பிறந்தது. 1841இல் யாழ்ப்பாணத்தில் உதயதாரகை இதழ் வந்தது. 1862இல் வின்சுலோவின் தமிழ்-ஆங்கில அகராதி, 1879இல் பிரதாப முதலியார் சரித்திரம் என்ற நாவல், 1882இல் சுதேசமித்திரன் இதழ், 1887இல் உ.வே.சா.வின் சீவக சிந்தாமணிப் பதிப்பு. இந்த ஐம்பது ஆண்டுகளில் தமிழ் வாக்கியமே உருமாறியது. பதம் பிரித்து அச்சிடுவது, நிறுத்தக்குறி, பத்தி, அத்தியாயம் என ஒவ்வொன்றும் தனித்தனி ஆய்வுக்குரியது. உட்தலைப்பு ஐந்தோ ஆறோ போதும்.

ஒவ்வோர் உட்தலைப்பின் கீழும் மூலம் எங்கே கிடைக்கும் என்று இரண்டு வரி எழுது. இதை யாரும் செய்வதில்லை. செய்தால் வரும் சுருக்கங்களின் தரம் உடனே உயரும். 1867ஆம் ஆண்டு அச்சகப் பதிவுச் சட்டத்தின்படி சென்னை மாகாணத்தில் வெளியான நூல்களின் பட்டியலைக் காலாண்டுதோறும் அரசு அச்சிட்டது. நூலின் பெயர், அச்சகம், பக்கம், விலை மட்டுமல்லாமல் எத்தனை படிகள் அச்சிட்டார்கள் என்பதும் அதில் இருக்கும். 1865இல் மர்டாக் வெளியிட்ட தமிழ் அச்சு நூற்பட்டியல் இருக்கிறது. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் உ.வே.சா. நூலகமும் இருக்கின்றன. வீட்டிலிருந்தே பார்க்கத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும், ஈழத்து வெளியீடுகளுக்கு ‘நூலகம்’ என்ற இணையத் திட்டமும் உண்டு. சிற்றூர்க் கல்லூரியில் முதலாம் ஆண்டு ஆய்வு செய்யும் மாணவிக்கு இந்த வரிகள் எவ்வளவு பெரிய கதவைத் திறக்கும் என்று யோசித்துப் பார்.

அடுத்தது ஆய்வுச்சுருக்கம். உன் வரைவில் ‘கட்டுரைச் சுருக்கத்தை அனுப்புக’ என்று ஒரே வரிதான் இருக்கிறது. அதனால்தான் ‘தமிழ் தொன்மையான மொழி’ என்று தொடங்கி ‘இக்கட்டுரை ஆராய முற்படுகிறது’ என்று முடியும் சுருக்கங்கள் குவிகின்றன. என்ன வேண்டும் என்பதைக் கேட்டு வாங்க வேண்டும். இந்தப் பத்தியை அப்படியே சேர்த்துக்கொள்:

“ஆய்வுச்சுருக்கம் 250 முதல் 300 சொற்களுக்குள் அமைய வேண்டும். அதில் ஐந்து செய்திகள் இருக்க வேண்டும்: கட்டுரை எழுப்பும் கேள்வி, அதற்கு ஆதாரமாகக் கொள்ளும் நூல் அல்லது இதழ், அதன் பதிப்பாண்டு, அந்த ஆதாரத்தை ஆராயும் முறை, இதே பொருளில் முன்பு எழுதியவர்களிடமிருந்து இக்கட்டுரை வேறுபடும் இடம். மேற்கோள்களும் பொது அறிமுகமும் வேண்டாம். ஐந்து திறவுச்சொற்களைத் தனியே தருக. கட்டுரையாளர் பெயர், நிறுவனம் ஆகியவற்றைப் படிவத்தில் மட்டும் குறிக்க. சுருக்கம் உள்ள கோப்பில் குறிக்க வேண்டாம்.”

இதன் கீழே ஒரு மாதிரியும் கொடு. ‘19ஆம் நூற்றாண்டுப் புதினங்களில் சமுதாயம்’ என்பதில் கேள்வி இல்லை, எல்லையும் இல்லை. ‘விவேக சிந்தாமணி இதழில் 1893 முதல் 1895 வரை தொடராக வந்த கமலாம்பாள் சரித்திரம், 1896இல் நூலானபோது அதன் பத்திகளும் நிறுத்தக்குறிகளும் மாறினவா’ என்பதில் இரண்டும் இருக்கின்றன. இதை எழுத இரண்டு வடிவங்களையும் கண்ணால் பார்த்தாக வேண்டும். விடை ‘மாறவில்லை’ என்று வந்தாலும் அது கண்டுபிடிப்புதான். பதிப்பாண்டைக் கட்டாயமாகக் கேட்கச் சொல்வதற்கும் இதுவே காரணம். பிற்காலப் பதிப்புகளில் சந்தியைப் பிரித்திருப்பார்கள், குறிகளைச் சேர்த்திருப்பார்கள். அந்தப் பதிப்பை வைத்துக்கொண்டு அக்கால உரைநடையைப் பேசினால், பதிப்பாளர் செய்த மாற்றத்தை ஆசிரியர் தலையில் ஏற்றியதாகிவிடும்.

எத்தனை கட்டுரைகளை ஏற்பது என்பதை அறிவிப்புக்கு முன்பே முடிவு செய். கணக்கு எளிது. ஒருவருக்கு இருபது நிமிடம் பேச்சு, பத்து நிமிடம் விவாதம். ஒன்றரை மணி நேர அமர்வில் மூன்று பேர். நாளுக்கு நான்கு அமர்வு வீதம் எட்டு. தொடக்க விழாவுக்கும் நிறைவு விழாவுக்கும் இரண்டைக் கழித்தால் ஆறு. ஒரே அரங்கு என்றால் 18 கட்டுரைகள், இணை அரங்கு ஒன்று வைத்தால் 36. அதற்கு மேல் ஏற்றால் நேரத்தை வெட்டத்தான் வேண்டும். ஐந்து நிமிடத்தில் தலைப்பையும் முடிவுரையையும் வாசித்துவிட்டு இறங்குவதற்காக ஒருவர் இரவெல்லாம் பேருந்தில் வருவது நியாயமே இல்லை. தொடக்க விழாவை ஒன்றரை மணிக்குள் முடிக்க முதல்வரிடம் இப்போதே பேசிவை; பெரும்பாலான கருத்தரங்குகளில் முதல் நாள் நேரம் கெடுவது அங்கேதான்.

காலத் திட்டம் இப்படி இருக்கலாம். பிப்ரவரி முதல் வாரத்தில் கருத்தரங்கம் என்றால் ஜூலை நடுவில் அறிவிப்பு வர வேண்டும். சுருக்கத்துக்குக் கடைசி நாள் செப்டம்பர் 15. ஏற்பு, மறுப்பு இரண்டையும் அக்டோபர் 10க்குள் தெரிவி. முழுக்கட்டுரைக்கு டிசம்பர் 15. நவம்பரில் பருவத் தேர்வும் விடைத்தாள் திருத்தும் பணியும் வந்துவிடும். அந்த மாதத்தில் கடைசி நாள் வைத்தால் பாதிப் பேர் அவகாசம் கேட்பார்கள். கடைசி நாளை ஒருமுறை நீட்டினால் அடுத்த தேதியையும் யாரும் மதிக்கமாட்டார்கள். அதனால் ஆரம்பத்திலேயே தாராளமாகக் கொடு, பிறகு நீட்டாதே.

சுருக்கங்களைத் தேர்வு செய்ய இரண்டு பேர் தனித்தனியாகப் படிக்க வேண்டும், அவர்களில் ஒருவராவது உங்கள் கல்லூரிக்கு வெளியே இருக்க வேண்டும். ஒவ்வொரு சுருக்கத்துக்கும் எண் கொடு; எண்ணுக்குரிய பெயர் ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும். இருவர் கருத்தும் முரண்பட்டால் மூன்றாமவரிடம் போகட்டும். மறுக்கும்போது இரண்டு வரி காரணம் எழுது. ‘ஆதாரம் குறிப்பிடப்படவில்லை’, ‘இதே முடிவு முன்பே வெளியாகியுள்ளது’ என்ற அளவு போதும். இளம் ஆய்வாளர் ஒருவருக்கு அந்த இரண்டு வரி, வாங்கிப்போகும் சான்றிதழைவிடப் பெறுமதியானது. பதிவுக் கட்டணத்தைச் சுருக்கத்தோடு சேர்த்து வாங்கவே கூடாது. ஏற்புக் கடிதம் போன பிறகுதான் வாங்க வேண்டும், மாணவருக்குக் குறைவாக. முன்னாலேயே பணம் வாங்கிவிட்டால் மறுக்கும் துணிவு யாருக்கும் வராது.

எழுத்துரு பற்றி அழைப்பிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிடு: ஒருங்குறி (யூனிகோடு) மட்டும். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் திறக்கும். மாற்றிக் கொடுக்கும் செயலிகள் இருக்கின்றன. ஆனால் மாற்றிய பிறகும் பிழை தங்கும். ‘ஔ’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ஒ’வும் ‘ள’வும் தனித்தனியாக நிற்கும். கால் குறியும் ‘ர’வும் இடம் மாறியிருக்கும். பார்வைக்குச் சரியாகத் தெரியும், ஆனால் தேடினால் சொல் கிடைக்காது, அகரவரிசை குலையும். வேர்டு கோப்போடு பி.டி.எஃப். ஒன்றும் கேள்; எழுத்து உடைந்த இடத்தை ஒப்பிட்டுச் சரிசெய்யலாம். முழுக்கட்டுரை 2500 முதல் 3500 சொற்கள் என்று சொல்லளவில் குறி. பக்க அளவில் சொன்னால் எழுத்தைச் சிறிதாக்கியும் பெரிதாக்கியும் கணக்கை நிரப்பிவிடுவார்கள்.

கருத்துத் திருட்டு பற்றியும் கேட்டிருந்தாய். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிப்படி 10 விழுக்காடு வரையான ஒப்புமைக்கு நடவடிக்கை இல்லை. 10 முதல் 40, 40 முதல் 60, 60க்கு மேல் என்று மூன்று படிகள் அதற்குமேல் உண்டு. அழைப்பில் இதைக் குறிப்பிடு. ஆனால் மென்பொருள் தரும் எண்ணை மட்டும் நம்பிவிடாதே. பழைய தமிழ் நூல்கள் பெரும்பாலும் படங்களாகத்தான் இணையத்தில் இருக்கின்றன; அவற்றிலிருந்து அப்படியே எடுத்தெழுதினாலும் மென்பொருள் சுழியம் காட்டும். மாறாக, உரிய மேற்கோளும் செய்யுளும் நிறைந்த நேர்மையான கட்டுரைக்கு எண் ஏறிவிடும். மேற்கோளை நீக்கிவிட்டுக் கணக்கிடச் சொல். நடை திடீரென்று மாறும் இரண்டு வாக்கியங்களை எடுத்துச் சோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் உள்ள ஆய்வேடுகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பலநேரம் அதைவிடப் பயன் தரும். செயற்கை நுண்ணறிவு எழுதிய கட்டுரைகளும் இப்போது வரும். அவற்றைப் பிடிக்க நல்ல வழி துணைநூற்பட்டியல்தான்: இல்லாத நூலுக்கு ஆண்டும் பக்கமும் கொடுத்திருக்கும். கட்டுரைக்கு மூன்று மேற்கோளையாவது மூலத்தோடு சரிபார்க்க ஓர் ஆளை நியமி.

வெளியீடு பற்றி உன் வரைவில் இருக்கும் வாக்குறுதியை எடுத்துவிடு. ஏற்கத்தக்க ஆய்விதழ்களுக்கான மானியக் குழுவின் ‘கேர்’ பட்டியல் 2025இல் கைவிடப்பட்டுவிட்டது. ‘கேர் இதழில் வெளியிடப்படும்’ என்று இனி எழுதுவது பொருளற்றது. முனைவர் பட்ட ஆய்வேடு கொடுக்குமுன் கட்டுரை வெளியிட்டே தீர வேண்டும் என்ற கட்டாயமும் மானியக் குழுவின் 2022 விதியில் இல்லை. சில பல்கலைக்கழகங்கள் தம் அளவில் இன்னும் கேட்கலாம், அது வேறு. தேர்ந்தெடுத்த கட்டுரைகள் திருத்தத்துக்குப் பின் நூலாகும் என்று மட்டும் எழுது. கருத்தரங்கத்தன்றே நூல் கையில் வர வேண்டும் என்ற வழக்கத்தை விட்டுவிடு. விவாதத்தில் கிடைக்கும் திருத்தம் நூலில் ஏற வேண்டாமா? மூன்று மாதம் கழித்து வரட்டும். நூலுக்குரிய ஐ.எஸ்.பி.என். எண்ணுக்கு, அதை வழங்கும் ராஜா ராம்மோகன் ராய் முகமையிடம் கட்டணம் கிடையாது. அவர்கள் இணையத்தளத்தில் முன்கூட்டியே விண்ணப்பித்துவிடு. அந்த எண் நூலை அடையாளம் காட்டுமே தவிர அதன் தரத்துக்குச் சான்று ஆகாது என்பதைத் துறையில் உள்ள இளையவர்களுக்கு எடுத்துச் சொல்.

இன்னும் ஒரு வேண்டுகோள். ‘பேராசிரியர்கள், ஆய்வாளர்கள், மாணவர்கள்’ என்று நிறுத்தியிருக்கிறாய். ‘கல்வி நிறுவனம் சாராத ஆய்வாளர்களும்’ என்பதைச் சேர். பழைய அச்சு நூல்களையும் இதழ்களையும் காத்தவர்களில் பலர் கல்லூரிக்கு வெளியே இருந்தவர்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதிய ஓவியர். அவர் சேர்த்து வைத்ததைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியதால்தான் அந்த ஆராய்ச்சி நூலகமே உருவானது. அப்படிப்பட்டவர்கள் இன்றும் ஊருக்கு ஒருவர் இருக்கிறார்கள். படிவத்தில் ‘நிறுவனத்தின் பெயர்’ என்ற கட்டத்தைக் கட்டாயமாக்கினால் அவர்களால் விண்ணப்பிக்கவே முடியாது. அதைத் தளர்த்து.

தங்குமிடம், உணவு, பயணப்படி ஆகியவற்றில் எதைத் தருவீர்கள், எதைத் தரமாட்டீர்கள் என்பதைத் தெளிவாக எழுது. பெண் ஆய்வாளர்களுக்கான தங்குமிடம் வளாகத்துக்குள்ளா வெளியிலா என்பதையும் சொல்லிவிடு. பலர் வருவதும் வராததும் அதைப் பொறுத்தே. ஒருங்கிணைப்பாளர் தொலைபேசி எண் ஒன்று போதாது, இரண்டு கொடு. யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுபவர்கள் நேரில் வர இயலாவிட்டால் இணையவழி ஓர் அமர்வு வைக்கலாம். அதற்காகக் கருத்தரங்கத்தின் பெயரைப் பன்னாட்டு என்று மாற்ற வேண்டியதில்லை. வெளிநாட்டவரை நேரில் அழைப்பதானால் கருத்தரங்க விசாவுக்கு அரசு அனுமதிகள் வேண்டும், அதற்கு மாதக்கணக்கில் ஆகும்.

திருத்திய வரைவை இந்த மாத இறுதிக்குள் அனுப்பு. பிழை பார்த்து இரண்டே நாளில் திருப்பி அனுப்புகிறேன். வெளியிலிருந்து சுருக்கம் படிக்க ஆள் தேடினால் எனக்கும் ஒரு பங்கு ஒதுக்கு. இதழ்கள் பற்றிய உட்தலைப்பாக இருந்தால் இன்னும் நல்லது.

அன்புடன்,
உன் நண்பன்