டெண்டரில் ரெட்ஃபிஷ் பற்றி இன்னும் சில வரிகள்

அரசுத் துறைகளுக்கு சர்வர் வாங்க டெண்டர் எழுதும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். சென்னையில் சர்வர் அறைகளில் இரவுப் பணி பார்த்தவன் நான். ஓர் அலுவலகத்தில் மூன்று கம்பெனி சர்வர்கள்; கண்காணிக்க மூன்று மென்பொருள், மூன்று பாஸ்வேர்டு. ஒரு நாள் இரவு இரண்டரை மணிக்கு ஒரு சர்வர் படுத்துவிட்டது. சர்வர் தானே எழுதி வைக்கும் நிகழ்வுக் குறிப்பை (லாக்) எடுத்துப் பார்த்தேன். இரண்டு பவர் சப்ளையில் ஒன்று எட்டு நாள் முன்பே போயிருக்கிறது, மற்றதும் அன்று போய்விட்டது. சர்வர் தன் குறையை ஒழுங்காகத்தான் எழுதி வைத்திருந்தது. நமக்குச் சொல்ல வேண்டிய மென்பொருளுக்கு லைசென்ஸ் முடிந்திருந்தது. காலையில் சான்றிதழுக்கு வந்தவர்கள் மதியம் வரை நின்றார்கள். கைக்குழந்தையோடு ஒரு அம்மா மூன்று முறை கவுன்டருக்கு வந்து கேட்டுவிட்டுப் போனார்.

இதற்கு வழி எப்போதோ வந்துவிட்டது. நெட்வொர்க்கில் உள்ள எந்தக் கருவியிடமும் அதன் நிலையைக் கேட்க உதவும் எஸ்என்எம்பி என்ற பொது நெறிமுறை 1988-லேயே வந்தது. சர்வர்களைத் தூரத்திலிருந்தே கண்காணிக்கவென்று, கணினி நிர்வாகத்துக்குப் பொதுத் தரங்கள் வகுக்கும் டிஎம்டிஎஃப் அமைப்பு 2015-ல் ரெட்ஃபிஷ் தரத்தை வெளியிட்டது. எந்தக் கம்பெனிப் பெட்டியானாலும் ஒரே மாதிரி கேட்கலாம். விசிறி வேகம், வெப்பநிலை, பவர் சப்ளை நிலை எல்லாம் ஜேசான் என்ற பொதுவான எழுத்து வடிவில் பதிலாக வரும்.

ஆனால் 'ரெட்ஃபிஷ் இருக்க வேண்டும்' என்று மட்டும் எழுதினால் எல்லாரும் டிக் அடித்துவிடுவார்கள். கம்பெனிகள் தங்கள் சொந்த விவரங்களைச் சேர்க்க அந்தத் தரத்திலேயே தனி இடம் உண்டு. முக்கியமானதெல்லாம் அங்கே போய் உட்கார்ந்துகொண்டால் நாம் பழையபடி அவர்கள் மென்பொருளிடம்தான் போய் நிற்க வேண்டும். அதனால் எந்தெந்த விவரம் பொதுப் பகுதியில், தனி லைசென்ஸ் இல்லாமல் வர வேண்டும் என்று பெயர் சொல்லி எழுதுங்கள். டிஎம்டிஎஃப் இலவசமாகவே தரும் சரிபார்ப்புக் கருவியைப் பெட்டி வந்த அன்றே உங்கள் ஆளை விட்டு ஓட்டிப் பாருங்கள். தேறாவிட்டால் பில்லை நிறுத்துங்கள். எஸ்என்எம்பி கேட்டால் மூன்றாம் பதிப்பையே கேளுங்கள். முந்தைய பதிப்புகளில் ரகசியச் சொல் மறைப்பில்லாமல் கம்பியில் போகும்.

ஆளுக்கொரு எழுத்துருவில் தமிழ் அடித்து, அடுத்த கணினியில் திறந்தால் ஒன்றும் புரியாமல் கிடந்த காலம் உங்களுக்கும் நினைவிருக்கும். 1999-ல் இதே சென்னையில் மாநாடு கூட்டி, தமிழ் 99 விசைப்பலகையைத் தரமாக்கினோம். 2010-ல் தமிழக அரசு, எந்தக் கணினியிலும் ஒரே மாதிரி திறக்கும் யூனிகோடு எழுத்துக் குறியீட்டை ஏற்றது. அதே ஆண்டு மத்திய அரசு மின்னாளுகைக்குத் திறந்த தரக் கொள்கையை வெளியிட்டது. அரசு சொன்னதும் கம்பெனிகள் கேட்டன.

அடுத்த டெண்டரை வெளியிடும் முன், இரவுப் பணி பார்க்கும் ஒருவரைக் கூப்பிட்டு அதில் ரெட்ஃபிஷ் பற்றி எழுதிய பக்கத்தைப் படிக்கக் கொடுங்கள். என்னைக் கூப்பிட்டாலும் வருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு சிஸ்டம் அட்மின்,
அம்பத்தூர்