மூன்று விரல்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். கீழவயலில் நடவு முடிந்தது. பாப்பாவுக்குச் சளி விட்டதா? பத்து நாளாக நீ போனை எடுக்கவில்லை. ராத்திரி ஷிப்ட், பகலில் தூங்குவாய் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

உன் அத்தைக்கு ஆறு மாதமாக நாக்கு எரிச்சல். காலையில் ஒன்றும் தெரியாது, பொழுது சாயச் சாய நுனிநாக்கில் மிளகாயைத் தேய்த்த மாதிரி எரிகிறதாம். உள்ளே பார்த்தால் புண் இல்லை, சிவப்பு இல்லை. கும்பகோணத்தில் பல் டாக்டரிடம் கூட்டிப் போனேன். சர்க்கரை, இரும்புச்சத்து, பி12, தைராய்டு எல்லாம் பார்த்தார்கள், குறை ஒன்றும் இல்லை. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இப்படி வருவதுண்டு, நரம்புக் கோளாறு, இவர் பொய் சொல்லவில்லை என்றார் டாக்டர். நாங்கள் எல்லோரும் மனப்பிரமை என்று சொல்லிக்கொண்டிருந்தோம். அத்தை அங்கேயே அழுதுவிட்டாள்.

அன்றைக்கு டாக்டர் என்னையும் நாற்காலியில் உட்கார வைத்தார். என் பல்லைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும். நடு மூன்று விரலையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே நுழைக்கச் சொன்னார். மூன்றும் போக வேண்டுமாம். எனக்கு இரண்டுதான் போனது.

ஆவணியில் பாப்பா பிறந்தநாளுக்கு வந்தபோது உன்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரசத்தை நீ தொடவில்லை. மோர்சாதம் மட்டும், அதுவும் ஊறுகாய் இல்லாமல். வடையைக் கிள்ளிக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டாய். பாப்பா பலூனை நீட்டினாள். மூன்று தடவை ஊதினாய், கன்னம் உப்பவே இல்லை. மாப்பிள்ளை கையில் கொடுத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டாய். ஆற்றங்கரையில் நின்று நீ விசில் அடித்தால் நம் வீட்டுத் திண்ணைக்குக் கேட்குமே, தம்பி.

அம்மா துவைக்கும்போது உன் சட்டைப்பையில் இருந்த பாக்குப் பொட்டலங்களை எடுத்தாள். நான்தான் வாங்கி எறிந்தேன். உன்னிடம் கேட்கவில்லை. கடன் முழுக்க நீதான் அடைத்தாய், தங்கையைக் கரையேற்றினாய். ஊரில் யார் விசாரித்தாலும் தலைநிமிர்ந்துதான் பதில் சொல்கிறேன். அப்படிப்பட்ட பிள்ளையை என்னவென்று கேட்பது? ஆனாலும் இவ்வளவு விவரம் தெரிந்த நீ, எரிகிற வாயில் அதையே திரும்பத் திரும்பப் போடலாமா?

குட்காவைத்தான் 2013இல் தடை செய்தார்கள், இது வெறும் பாக்குத்தானே என்று நினைப்பாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். வெறும் பாக்கே போதுமாம். அதில் இருக்கிற சத்து கன்னத்தின் உட்தோலுக்கு அடியில் நாரை வளர்த்துக்கொண்டே போகிறது. முதலில் காரம் எரியும். அப்புறம் கன்னம் வெளிறி, உள்ளே கயிறு கட்டிய மாதிரி இறுகும். வாய் திறப்பது குறையும். சிலருக்கு அதுவே புற்றுநோயாகிறது. புகையிலை சேராத பாக்கும் புற்றுநோய் தரும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2004 அறிக்கையிலேயே சொல்லிவிட்டதாம். என் கன்னத்துக்குள் டாக்டர் விரலை வைத்துக் காட்டியபோது அந்தக் கயிறு எனக்கே தட்டுப்பட்டது.

இரண்டு வருஷமாக எனக்கும் எரிகிறது. வயசாகிவிட்டது, காரம் ஒத்துக்கொள்ளவில்லை என்று உங்களை எல்லாம் ஏமாற்றினேன். அதைக்கூட விடு. உனக்கு ஆறு வயது இருக்கும். சாப்பாடு முடிந்து நான் வெற்றிலைப் பெட்டியைத் திறந்தால் ஓடி வந்து மடியில் உட்காருவாய். கொழுந்து வெற்றிலையில் சுண்ணாம்பு தொட்டும் தொடாமலும் தடவி, இரண்டு சீவலை வைத்து உன் வாயில் ஊட்டுவேன். யார் நாக்கு அதிகம் சிவந்திருக்கிறது என்று கண்ணாடியில் பார்ப்போம். சின்னப்பிள்ளை வெற்றிலை போட்டால் மாடு முட்டும் என்று அம்மா கத்துவாள், நாம் இருவரும் சிரிப்போம். அம்மாவுக்கு இருந்த புத்தி எனக்கு இல்லை. முதல் பாக்கை உன் வாயில் வைத்த கை இது. இந்தக் கையால் உன்னைக் கண்டித்து எழுதக் கூசுகிறது.

பெட்டியைப் பரணில் போட்டு இருபத்திரண்டு நாள் ஆகிறது. சாப்பிட்டதும் கை தானாகத் தேடுகிறது, ஒரு ஏலக்காயைப் போட்டுக்கொள்கிறேன். வளர்ந்துவிட்ட நார் முழுக்கக் கரையாது, ஆனால் பாக்கை விட்டால் எரிச்சல் குறைய வழி உண்டு என்றார் டாக்டர். ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கிடையில் வைத்து வாயைத் திறந்து பழகச் சொல்லியிருக்கிறார். தேவைப்பட்டால் கன்னத்தில் ஊசி போடுவார்களாம். உனக்கு வயது குறைவு, சீக்கிரம் காட்டினால் நல்லது. விட்டுவிடு தம்பி. ஓசூரிலேயே ஒரு பல் டாக்டரிடம் காட்டு, லீவு கிடைத்தால் இங்கே வா, நானும் கூட வருகிறேன். எப்படியானாலும் காட்டு.

உன் விஷயத்தை அம்மாவிடம் நான் பேசவில்லை. போன் செய்யச் சங்கடமாக இருந்தால் வேண்டாம். கண்ணாடி முன்னால் நின்று விரலை வைத்துப் பார். எத்தனை போகிறது என்று மட்டும் எழுது.

அப்பா